வடம் பிடிக்க வா!

"நான் யார், எனக்கு என்ன தெரியும்?" என்று ஒதுங்கி நிற்கும் இளைஞனே, உன்னிடம்தான் பேசுகிறேன்.

உன் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கு அடியில் ஓடுவது லினக்ஸ். நீ அன்றாடம் திறக்கும் இணையதளங்களில் பெரும்பாலானவை நிற்பது கட்டற்ற மென்பொருளின் மேல். காசு கொடுக்காமல் வாங்கிக்கொண்டோம். அதை யார் கட்டிக் காக்கிறார்கள் என்று ஒரு நாளாவது கேட்டோமா?

எக்ஸ்இசட் என்றொரு மென்பொருள். கோப்புகளைச் சுருக்கித் தரும் எளிய வேலை; ஆனால் லினக்ஸ் கணினிகளில் அது இல்லாத இடம் அரிது. பின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே காலின் பல ஆண்டுகள் அதைத் தனியாளாகச் சுமந்தார். 2022இல் முகம் தெரியாத சிலர் அவரை நெருக்கினார்கள்: "ஏன் இத்தனை தாமதம்? வேறு ஆளிடம் ஒப்படை!" இது சம்பளமில்லாத ஓய்வுநேர வேலை என்று அவர் பதில் எழுதினார். அருகில் உதவிக்கு இருந்தது ஒரே ஒரு பெயர்: ஜியா டான். நல்ல பிள்ளையாக உழைத்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, பராமரிப்பாளர் பொறுப்பையும் வாங்கியது அந்தப் பெயர். இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்து, 2024இல் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், கணினிகளுக்குள் திருட்டுத்தனமாக நுழைய, சோதனைக் கோப்புகளுக்குள் ஒளித்துப் பின்கதவு வைத்தது!

நல்லவர்கள் எட்டிப் பார்க்காத வீட்டுக்குள் திருடன் உதவியாளாக நுழைந்தான். திருடனுக்கு இருந்த பொறுமை நமக்கு இல்லாமல் போனதே, அது வெட்கம் இல்லையா?

அந்தப் பின்கதவைக் கண்டுபிடித்தவர் யார் தெரியுமா? ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற தரவுத்தள நிரலாளர். தான் பாதுகாப்பு ஆய்வாளர் அல்ல என்று அவரே சொல்லியிருக்கிறார். எஸ்எஸ்ஹெச் என்ற தொலைநுழைவு வழியாகக் கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆனது. நீயும் நானும் "நெட் ஸ்லோ" என்று விட்டிருப்போம். அவர் விடவில்லை. தோண்டினார், துருவினார், 2024 மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். பெரும் ஆபத்து வாசலோடு திரும்பியது. அதற்குத் தேவைப்பட்டது பட்டமும் பதவியும் அல்ல, "இது ஏன் இப்படி?" என்று கேட்கும் துணிச்சல்!

அந்தத் துணிச்சல் உனக்கும் உண்டு. நீ பயன்படுத்தும் ஒரு மென்பொருளை இன்றே தேர்ந்தெடு. பிறர் தெரிவித்த வழு ஒன்றை உன் கணினியில் ஓட்டிப் பார். எந்தப் பதிப்பில், எந்தப் படியில் அது வருகிறது என்று தெளிவாக எழுது. பராமரிப்பாளரின் ஒரு மாலைப்பொழுது மிச்சம்! விளக்கக் குறிப்பில் தவறிருந்தால் திருத்து. ஒரு சோதனை நிரல் எழுது. தமிழாக்கம் பாதியில் நின்றிருந்தால் முடித்துக் கொடு. முதல் முயற்சியைத் திருப்பி அனுப்பினால் துவண்டுவிடாதே. சொன்ன குறையைச் சரிசெய்து மறுபடி அனுப்பு. கற்றுக்கொள்ள இதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் கிடையாது.

ஒரு மென்பொருளைத் தனியாகச் சுமந்துகொண்டிருப்பவரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பகிர்ந்து கொடுப்பது தோல்வி ஆகாது. பைத்தான் நிரல்மொழியை உருவாக்கிய கைடோ வான் ராஸம் 2018இல் தலைமையிலிருந்து விலகினார். 2019 முதல், தேர்ந்தெடுக்கப்பட்ட ஐவர் குழு வழிநடத்துகிறது. பைத்தான் சாய்ந்துவிட்டதா? வளர்ந்துகொண்டே இருக்கிறது! ஆனால் களைப்பில் கிடைத்த கையில் சாவியைக் கொடுக்காதீர்கள். வேலையைப் பலருக்குப் பிரித்துக் கொடுங்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்க்கட்டும்.

மென்பொருளால் கோடி கோடியாகச் சம்பாதிக்கும் நிறுவனங்களே, கைதட்டல் போதும், சம்பளம் கொடுங்கள்!

ஊர் கூடித் தேர் இழு என்றார்கள் பெரியவர்கள். வேடிக்கை பார்க்கவும் ஊர் கூடும். தேர் நகர்வது வடம் பிடித்தவர்களால்தான். "யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்பதை இன்றோடு விடு. "இதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல். சொன்னதைச் செய். உன்னால் முடியும்!