தவணை தவறாமையும் ஒரு நோன்பே



முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றியவள் நான். பாடத்தை அலகு அலகாகப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்ட வேண்டும். இடையில் ஓர் அலகு விடுபட்டால் முன்னர்க் கற்றதும் நில்லாது என்று ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குக் கற்பித்தனர். இதனைப் பிறர் பிள்ளைகளுக்கு ஓயாது எடுத்துரைத்த நான், என் இல்லத்தில் எடுத்துரைக்கத் தவறினேன். அந்தக் குறையை உங்கள் முன் வைத்து, அதனால் நான் பெற்ற பாடத்தையும் கூற விழைகின்றேன்.

2011-ஆம் ஆண்டு என் நாத்தனாருக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பது தெரிய வந்தது. 21 நாள்களுக்கு ஒரு முறையாக ஆறு தவணை கீமோ மருந்து ஏற்ற வேண்டும் என்றனர். மூன்று தவணையிலேயே கட்டி நன்கு சுருங்கிற்று. நான்காம் தவணைக்குரிய நாள் தசலட்சண பர்வத்தின் நடுவே வந்தது. "அண்ணி, மருந்து ஏறினால் எழுந்திருக்கவே முடிவதில்லை. பூசை முடிந்ததும் போகலாமா?" என்று கேட்டாள். "அப்படியே செய்யலாம், அம்மா" என்றேன் நான். பர்வம் முடிந்தது; உடல் தேறியது போலத் தோன்றவே, மீண்டும் அந்த வாந்தியையும் சோர்வையும் அழைக்க அவளுக்கு மனம் வரவில்லை. பத்து நாள் இரண்டு மாதமாயிற்று. மீண்டும் சென்றபோது கட்டி வளர்ந்திருந்தது. மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. "யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள்?" என்று மட்டும் வினவினார். நான் தலைகுனிந்து நின்றேன்.

2013-இல் அவள் மறைந்தாள். அந்த இடைவெளி ஒன்றே காரணம் என்று நான் துணிந்து கூறேன். ஆயினும் "அப்படியே செய்யலாம்" என்ற என் சொல் இன்றும் என் நெஞ்சில் முள்ளாய் இருக்கின்றது.

தவணைக்கு ஏன் நாள் குறிக்கின்றனர்? ஒரு முறை ஏற்றும் மருந்து புற்றணுக்களுள் ஒரு பகுதியையே அழிக்கும்; எஞ்சியவற்றில் ஒரு பகுதியை அடுத்த தவணை அழிக்கும். இடையில் விடப்படும் நாள்கள், குருதியின் வெள்ளணுக்கள் முதலிய நல்லணுக்கள் மீள்வதற்காக. அந்த இடைவெளி அளவுகடந்து நீண்டால் புற்றணுக்களும் மீண்டும் பெருகும். நம் ஆகமம் கூறும் உதிர்ப்புத் தத்துவத்தை நினைவுகொள்ளுங்கள். கட்டிய வினை ஒரே நாளில் உதிர்வதில்லை, படிப்படியாகவே உதிர்கின்றது. செறிப்பின்றி ஊற்றுவாயைத் திறந்துவிட்டால் உதிர்ந்த இடத்தை மீண்டும் வினை நிரப்புகின்றது. சிகிச்சையும் அத்தகையதே.

கதிர்வீச்சுச் சிகிச்சையில் இக்கட்டுப்பாடு இன்னும் கடுமையானது. வாரத்தில் ஐந்து நாளாகப் பல வாரங்கள் தொடர்வது அதன் பொதுவான முறை. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு, உட்கதிர் சிகிச்சையும் சேர்த்து, எட்டு வாரங்களுக்குள் முடிக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் கைக்கொள்ளும் நெறி. நாள் நீள நீள, நோய் கட்டுப்படும் வாய்ப்புக் குறைகின்றது.

"எல்லாம் வினைப்பயன், மருந்து என்ன செய்யும்?" என்பாரும் நம்மிடையே உளர். அசாதா வேதனீயத்தின் உதயத்தால் நோய் வருவது உண்மையே. ஆனால் முயற்சியைக் கைவிடுமாறு எந்த ஆசாரியரும் கூறவில்லை. ஔஷத தானத்தை நால்வகைத் தானங்களுள் ஒன்றாக வைத்தவர்கள் மருந்தை வீண் என்று எண்ணியிருப்பார்களா? சல்லேகனையைக் காரணம் காட்டிச் சிகிச்சையை விடுவதும் பிழையே. சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் பரிகாரமற்ற நோய்க்கே சல்லேகனையைக் கூறுகின்றார். பரிகாரம் உள்ள நோயில், பாதி வழியில் திரும்புவது துறவு ஆகாது, தளர்ச்சியே ஆகும்.

நோன்பு நாளும் மருந்து நாளும் ஒன்றாக வந்தால் என் செய்வது? சிகிச்சைக் காலத்தில் உடலுக்குப் போதிய உணவு வேண்டும். ஆகவே உண்ணா நோன்பைப் பின்னொரு காலத்துக்கு வைத்து, சாமாயிகம், சுவாத்தியாயம் ஆகியவற்றை மேற்கொள்ளலாம். இரவு உண்ணாமை நியமம் உடையவர்கள் அதனை முன்கூட்டியே மருத்துவரிடம் கூறினால், மாத்திரை வேளையை மாற்றித்தர இயலுமா என்பதை அவர் சொல்வார். குருதிச் சோதனையைப் பார்த்து மருத்துவரே நாளைத் தள்ளிவைப்பது வேறு. நாமாகத் தள்ளிவைப்பது வேறு. கீமோ நடைபெறும் காலத்தில் காய்ச்சல் 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டால், அடுத்த தவணை நாளுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனையை அடைய வேண்டும்.

இது நோயாளி ஒருவரே காக்கக்கூடிய விரதம் அன்று. நோயாளியைப் பேணும் வையாவிருத்தியை நம் ஆசாரியர்கள் உள்தவங்கள் ஆறனுள் ஒன்றாக வைத்தனர். தவணை நாளை நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். உடன் செல்பவர் யார், வீட்டில் சமைப்பவர் யார், பிள்ளைகளைக் காப்பவர் யார் என்பதை முதல் வாரமே முடிவு செய்யுங்கள். பொருளின்மையால் தவணை விடுபட வேண்டியதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் அடங்கும். சிகிச்சைக்குச் செல்லும் நோயாளிக்கும் துணைவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. இவற்றை அறியாதவருக்கு எடுத்துச் சொல்வதும், விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதும், வழிச்செலவுக்குக் கைகொடுப்பதும் ஔஷத தானமே.

அன்பர்களே! உங்கள் இல்லத்திலோ அண்டை வீட்டிலோ ஒருவர் சோர்ந்த முகத்துடன், "அடுத்த வாரம் போகலாமா?" என்று கேட்கக்கூடும். அப்போது என்னைப்போல் விடை கூறாதீர்கள். "குறித்த நாளிலேயே போவோம், நானும் உடன் வருகின்றேன்" என்று கூறி, சொன்னவாறே உடன் செல்லுங்கள்.

வாழ்க ஜின தர்மம்! வளர்க உயிர்க்கருணை!