இயற்கையல்லாச் சாவும் அறப்பொறுப்பும்: பெருந்தொற்றுக் கால அமெரிக்காவை முன்வைத்து

இறப்பை இயற்கை, இயற்கையல்லாதது எனப் பகுப்பது மருத்துவச் செயல் மட்டுமன்று. அஃது ஓர் அறத்தீர்ப்பும் ஆகும். அமெரிக்க இறப்புச் சான்றிதழில் நோயால் நேரும் சாவு இயற்கை எனப்படும். எஞ்சியவை விபத்து, தற்கொலை, கொலை, அறுதியிட இயலாதது என வகைப்படும். முன்னதில் வினைமுதல் தேடப்படுவதில்லை, பின்னவற்றில் தேடப்படுகிறது. செய்தவர் இன்னார் எனத் தெரிந்ததும் வினவல் நின்றுவிடுகிறது. அவ்விடை போதுமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

கோவிட் பெருந்தொற்று பரவிய 2020ஆம் ஆண்டில் அந்நாட்டில் கொலை விகிதம் முந்தைய ஆண்டினும் ஏறத்தாழ 30 விழுக்காடு உயர்ந்தது. போதைப்பொருளை அளவுமீறி உட்கொண்டு இறந்தோர் தொகை 70,630இலிருந்து 91,799 ஆயிற்று. 25 மாநிலங்களிலும் தலைநகர்ப் பகுதியிலும் திரட்டப்பெற்ற தரவுகளின்படி, இவ்விறப்பு விகிதம் வெள்ளையரிடையே 22 விழுக்காடும், பூர்வகுடியினரிடையே 39 விழுக்காடும், கறுப்பினத்தவரிடையே 44 விழுக்காடும் கூடிற்று. இவை அவரவர் தேடிக்கொண்ட சாவுகள் என்போர், அத்தேட்டம் ஒரே ஆண்டில் ஓரினத்தாரிடம் மட்டும் இருமடங்கு விரைந்து வளர்ந்தது எவ்வாறு என்பதையும் விளக்கக் கடமைப்பட்டவர். இறந்த வெள்ளையருள் ஏறத்தாழ அறுவரில் ஒருவர் முன்பு போதை மீட்புச் சிகிச்சை பெற்றமைக்குச் சான்றுண்டு. கறுப்பினத்தவருள் பன்னிருவரில் ஒருவருக்கே அது காணப்பட்டது. கிட்டாத சிகிச்சையைச் சான்றிதழின் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

திருக்குறள் ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினைக்கு ஓர் அதிகாரமும் வகுத்துள்ளது. சான்றிதழின் இரு பகுப்புகளும் ஏறத்தாழ இவ்விரண்டின் சாயலைக் கொண்டவை. (இவ்வொப்புமையை மிக நீட்டுதல் தகாது.) சமூக ஏற்பாடு என்பது ஊழுமன்று, தனியொருவர் ஆள்வினையுமன்று, ஆதலின் அஃது இரண்டிலும் அடங்காது நழுவுகிறது.

இவ்வாறு கூறின் கொலையாளியின் குற்றம் குறைந்துவிடாதா எனலாம். குறையாது. பொறுப்பு, ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்கு இல்லாமற்போகும் பண்டமன்று. சுட்டவன் முழுக் குற்றவாளியாக இருக்கும்போதே, அவனிருந்த தெருவைக் கைவிட்ட ஆட்சியும் வினவப்படலாம்.

தற்கொலையின் நிலை இன்னும் நுட்பமானது. 2020இல் நாடு முழுவதும் தற்கொலைகள் ஏறத்தாழ 3 விழுக்காடு குறைந்தன; அச்செய்தி பலருக்கு ஆறுதல் தந்தது. ஆனால் மேரிலாந்து மாநிலத்தில் அவ்வாண்டு மார்ச் தொடக்கம் முதல் மே தொடக்கம் வரையிலான பொதுமுடக்கக் காலத்தை முந்தைய மூவாண்டுகளோடு ஒப்பிட்ட ஆய்வு வேறொன்றைக் கண்டது. வெள்ளையரிடையே தற்கொலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது, கறுப்பினத்தவரிடையே இருமடங்காகியிருந்தது. இனவாரியாகப் பிரித்து எண்ணாமல் இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக அறிவித்திருப்பின், ஒரு சாராரின் மீட்சி மறுசாராரின் சாவை மறைத்திருக்கும்.