வெள்ளமும் விவேகமும்

"வெள்ளம் வருவதும் வராததும் ஆண்டவர் சித்தம், அதற்கு இன்ஷூரன்ஸ் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. இரவில் கதவைத் தாழிடுகிறோமே, அது அவிசுவாசமா? தேவ பராமரிப்பை நம்புகிறவன் விவேகத்தைக் கைவிட வேண்டியதில்லை.

2015 டிசம்பரில் சென்னையில் அடையாறு கரை புரண்டபோது மாடி வீடும் குடிசையும் ஒன்றாகவே நனைந்தன. பாலிசி வைத்திருந்தவர்களோ சிலரே. 2021 ஏப்ரல் முதல் ஜெனரல் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற வீட்டுப் பாலிசியை அளித்து வருகின்றன. வெள்ளச் சேதமும் அதில் அடக்கம். நிலத்தின் விலைக்கன்று, வீட்டைத் திரும்பக் கட்டும் செலவுக்கே ஈடு. சாமான்களுக்கும் கட்டடத் தொகையில் 20 சதவீதம், 10 லட்ச ரூபாய்க்கு மேற்படாமல், உடன் சேர்கிறது.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? வெள்ளம் காணாத வீட்டார் கட்டிய பிரீமியத்திலிருந்தே. ஆகவே இது ஒருவர் சுமையைப் பலர் முன்கூட்டியே பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. வசதியிருந்தும் இதில் சேராதவன், இடர் வந்தபின் ஏழைக்கென்று சேர்த்த உதவியில் பங்கு கேட்க நேரும். அது நீதியாகுமா?

ஆயினும், அன்பர்களே, பாலிசி பெட்டியில் இருக்கிறதென்று அயலானை மறந்துவிடலாகாது. ஆற்றோரத்தில் நாட்கூலிக்கு வாழ்பவன் பிரீமியத்துக்கு எங்கே போவான்? அவனுக்குக் கைகொடுக்கும் கடமையை எந்தப் பாலிசியும் நம்மைவிட்டு நீக்குவதில்லை.