தாய் எண்ணும் வயது



அரச சேவையில் எழுதுவினைஞராக இருந்த காலத்தில் மரணப் பதிவுப் புத்தகத்திலே பல பிள்ளைகளின் பெயர்களை எழுதியிருக்கிறேன். பெயர், வயது, மரணத்தின் காரணம் ஆகியவற்றுக்கு அங்கே நிரல்கள் உண்டு. பெற்றவளின் துயருக்கு நிரல் இல்லை. அதற்கு இடம் கொடுப்பது கவிதையே.

12 ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் பாடிய பெரியபுராணத்தில், வெள்ளானைச் சருக்கத்திலே ஒரு வரலாறு வருகிறது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருப்புக்கொளியூர் அவிநாசிக்கு எழுந்தருளுகின்றார். அந்தணர் வீதியில் ஒரு வீட்டில் மங்கல ஒலி. எதிர்வீட்டில் அழுகை ஒலி. ஐந்து வயதுப் பாலகர் இருவர் மடுவில் நீராடச் சென்றனர். ஒருவனை முதலை விழுங்கிற்று, மற்றவன் தப்பினான். தப்பியவனுக்கு ஆண்டுகள் கழிந்து இன்று உபநயனம்.

எதிர்வீட்டுத் தாய் ஏன் இன்று அழுகிறாள்? தன் மகனும் இருந்திருந்தால் இன்று அவனுக்கும் பூணூல் என்று எண்ணுகிறாள். அவள் புலம்பலைப் புலவர் நீட்டிப் பாடவில்லை. ஒரு வீதியில் இரண்டு ஒலிகளை வைத்தார், அது போதுமாயிற்று.

சுவாமிகள் வந்தார் என்று கேட்டதும் அத்தாயும் தந்தையும் துயர் மறந்து, முகமலர்ச்சியோடு வந்து வணங்கினர். அந்த அன்பு கண்டு சுவாமிகள் பதிகம் பாட, முதலை பிள்ளையைக் கரையில் உமிழ்ந்தது. அவன் ஐந்து வயதினனாக மீளவில்லை. கழிந்த ஆண்டுகளின் வளர்ச்சியோடு வந்தான். தாய் மனத்திலே வளர்ந்த பிள்ளையையே இறைவன் திருப்பிக் கொடுத்தான்.

பதிவுப் புத்தகத்தில் வயது நின்றுவிடும். தாய் எண்ணும் வயது நிற்பதில்லை. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையிலும், 2009 இல் முடிந்த யுத்தத்திலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் நம்மிடையே வாழ்கின்றனர். "இருந்தால் இப்ப அவனுக்கு இருபத்தாறு வயது" என்று அவர்கள் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம்.

மாண்ட பிள்ளையை மீட்கும் ஆற்றல் நமக்கில்லை. ஆயினும் சுவாமிகள் முதலில் செய்தது நமக்கும் இயலும். அவர் அழுகை ஒலி கேட்டு நின்றார், காரணம் கேட்டார். ஆகவே "விதி, மறந்துவிடுங்கோ" என்று சொல்லி நகராதிருப்போம். நம் வீட்டில் மேளம் ஒலிக்கும் நாளில் எதிர்வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே செல்வோம். அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசுவோம். அதுவும் சிவதொண்டே.

எல்லோர்க்கும் எம்பெருமான் திருவருள் கிட்டுவதாக.

சுபம்.