ஆளில்லாத பூசை, பிள்ளையில்லாத பாடம்

சமயபுரத்தில் மாசி கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் மாரியம்மன் பச்சைப் பட்டினி இருக்கிறாள். பக்தர் சாமிக்காக விரதம் இருப்பது எங்கும் உள்ளதுதான். இங்கே மக்கள் நோய்நொடியின்றி இருக்க அம்மனே விரதம் காக்கிறாள். துள்ளுமாவு, இளநீர், பானகம், நீர்மோர் தவிர வேறு நைவேத்தியம் கிடையாது. 2020-இல் அந்த விரதம் முடியுமுன்பே, மார்ச் 20 அன்று, கொரோனா தொற்றால் தமிழகக் கோயில்கள் பக்தர்களுக்கு மூடப்பட்டன. 25-ஆம் தேதி நாடே அடங்கியது.

ஆளில்லாமல் நடக்கும் பூசை பூசையாகுமா?

ஆகமம் தயங்காமல் ஆகும் என்கிறது. வீட்டில் செய்வது தனக்கான வழிபாடு. கோயிலில் அர்ச்சகர் செய்வது பரார்த்தம், உலகத்தார் எல்லோருக்குமானது. பார்க்க ஒருவரும் வராவிட்டாலும் பலன் குறையாது. ஸ்ரீரங்கத்தில் மூலவரான பெரிய பெருமாளுக்கு நித்திய பூசை நிற்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 25, வைகுண்ட ஏகாதசி விடியலில், வழக்கமான கூட்டமின்றியே உற்சவரான நம்பெருமாள் பரமபத வாசலைக் கடந்தார்.

தொட்டியம் என்ற ஊருக்கு இந்தப் பதில் போதாது. அங்குள்ள மதுரை காளியம்மனின் பங்குனித் தேர்கள் தோளில் சுமக்கப்படுபவை. தோளோடு தோள் உரசாமல் அம்மன் ஓரடி நகர முடியாது. சந்நிதிக்கு வர இயலாத கிழவியும் நோயாளியும் வாசலில் நின்றே காணத்தானே உற்சவர் வீதிக்கு வருகிறார்? வீதியும் வெறிச்சோடிவிட்டால் மூலவரின் பூசை மட்டும் நிறைவு தருமா என்ற கேள்வி நியாயமானது.

திருவிழாவோடு பிழைப்பும் நின்றது. தொட்டியத்தின் காவிரிக்கரை வாழையும் வெற்றிலையும் விளையும் மண். இரண்டும் அர்ச்சனைத் தட்டையும் கல்யாணப் பந்தியையும் நம்பியவை. வெற்றிலையைக் கிள்ளினால் கூலி கொடுக்க வேண்டும், கிள்ளாவிட்டால் கொடியிலேயே முற்றிவிடும். தட்டுக்காசை நம்பியிருந்த கிராமத்து அர்ச்சகருக்கும் அதே கதிதான். 2021 மே மாதம் கோயில்களிலிருந்து மருத்துவமனைகளுக்கு உணவுப் பொட்டலங்கள் போயின. ஜூனில், நிலையான சம்பளமில்லாத கோயில் பணியாளர்களுக்கு அரசு 4,000 ரூபாயும் 10 கிலோ அரிசியும் 15 மளிகைப் பொருட்களும் கொடுத்தது. பச்சைப் பட்டினியின் பொருளுக்கு மிக அருகில் வந்த செயல்கள் இவைதான்.

பள்ளிக்கூடத்தில் பரார்த்தம் செல்லாது. ஒருவருக்காக இன்னொருவர் படித்துவிட முடியாது. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது, எதிரே பிள்ளை உட்கார்ந்திருந்ததா என்பது யாருக்குத் தெரியும்? வீட்டிலிருந்த ஒரே செல்போனை அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விட்டால் இணைய வகுப்பும் இல்லை. கோயில் நடை 2020 செப்டம்பர் 1 அன்று திறந்தது. இரண்டாம் அலையில் மீண்டும் மூடி, 2021 ஜூலையில் மறுபடி திறந்தது. ஒன்றாம் வகுப்புக் குழந்தை பள்ளிக்குள் கால் வைத்ததோ அந்த நவம்பர் 1-ஆம் தேதிதான். நோய்க்கு அஞ்சியதில் தவறில்லை, வரிசைதான் தவறு. தரிசனம் தள்ளிப்போவதால் பெருமாளுக்கு ஒரு குறையும் வராது. ஏழு வயதுப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கும் பழக்கமே விட்டுப்போகும்.

விடுபட்டதை மீட்க 2021 அக்டோபர் 27 அன்று ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. தன்னார்வலர்கள் மாலை வேளையில் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். அதை ஓராண்டு முன்பே செய்திருக்கலாம். நான்கு பக்கமும் காற்று வரும் கோயில் மண்டபங்கள் ஊருக்கு ஊர் காலியாகத்தான் கிடந்தன. பத்துப் பிள்ளைகளை இடைவெளி விட்டு உட்காரவைக்க அந்த இடம் தாராளம். இன்னொரு கொள்ளைநோய்க்கு முன் அறநிலையத் துறையும் பள்ளிக் கல்வித் துறையும் பேசி முடித்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது.