அழுதால் நம்பாதீர்கள்

ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டைக்குள் ஒரு பாதாளச் சிறை இருக்கிறது. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய வளைவுக் கூரை. சுவரையொட்டி நிறுத்திய கற்பலகைகளில் கைதிகளைப் பிணைக்கத் துளைகள். முற்றுகையின்போது கூரையை உடைத்துக்கொண்டு விழுந்ததாகச் சொல்லப்படும் பீரங்கி இன்னும் உள்ளே கிடக்கிறது. கர்னல் பெய்லி சிறை என்று பெயர். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஹைதர் அலியின் படையிடம் பிடிபட்டு, இரண்டு ஆண்டு கழித்து இந்த ஊரிலேயே இறந்த கம்பெனித் தளபதி அவர். மைசூர் சுற்றுலா போகும் நம்மவர்கள் ரங்கநாதரைச் சேவித்துவிட்டு இங்கேயும் எட்டிப் பார்ப்பார்கள்.

எனக்கு அந்த ஊரை நினைத்தால் தளபதியைவிட, அங்கே அடைபட்டிருந்த சிறுவர்கள்தான் முதலில் நினைவுக்கு வருகிறார்கள். ஜேம்ஸ் ஸ்கரி என்று ஒருவன். ‘ஹனிபல்’ என்ற ஆங்கிலேயக் கப்பலில் வேலை பார்த்த பதின்வயதுப் பையன். 1782இல் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் அந்தக் கப்பலைப் பிடித்தார். பிடிபட்டவர்கள் கடலூரில் ஹைதரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். ஸ்கரியும் அவன் வயதுப் பையன்களும் ஸ்ரீரங்கப்பட்டணம் வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய பெயர், மதம், உடை எல்லாம் மாற்றப்பட்டன. படைப் பயிற்சி கொடுக்கப்பட்டது. ஏறத்தாழப் பத்தாண்டுக்குப் பிறகு தப்பித்துச் சொந்த நாடு திரும்பியபோது நாற்காலியில் உட்காருவதே ஸ்கரிக்குச் சிரமமாக இருந்தது. தாய்மொழி நாவில் தடுமாறியது. அவருடைய அனுபவங்கள் 1824இல்தான் புத்தகமாக வந்தன. எதிர்த்தரப்பும் இதில் சளைத்ததல்ல. 1792 உடன்படிக்கையின் பிணையாகத் திப்புவின் மகன்கள் இருவரைக் கார்ன்வாலிஸ் கைக்கொண்டார். பத்து வயதை ஒட்டிய சிறுவர்கள். 1794 வரை அவர்கள் சென்னையில் இருந்தார்கள்.

அவர்களெல்லாம் எதிரியின் பிள்ளைகள். நான் எழுத வந்தது, பெற்றவர்களே பணம் கட்டி ஒப்படைக்கும் பிள்ளைகளைப் பற்றி.

பத்தாம் வகுப்புப் பையனின் புத்தகப் பையில் கூல் லிப் பொட்டலம் அகப்படுகிறது. பிறகு கஞ்சா, மாத்திரை. அல்லது இரவெல்லாம் செல்போன் விளையாட்டு, பிடுங்கினால் கையை ஓங்குகிறான். அல்லது பெண் ஒருவனோடு ஊரைவிட்டுப் போய்த் திரும்பி வந்திருக்கிறாள். பள்ளியில் டிசி கொடுத்துவிட்டார்கள். உறவில் முகம் காட்ட முடியவில்லை. அந்த வீட்டின் தாய் தகப்பன் படுகிற வேதனையை நான் சிறிதும் குறைத்துச் சொல்லமாட்டேன். நல்ல மனநல மருத்துவர் எங்கே இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியாது, தெரிந்தாலும் மாவட்டத் தலைநகர் வரை போக வேண்டும். அந்த நேரத்தில் யாரோ ஒரு மறுவாழ்வு மையத்தின் எண்ணைத் தருகிறார்கள். “மூணு மாசம் விடுங்க, ஆளே மாறி வருவான்.” வாத்தியாரிடம் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டு, “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்” என்று சொல்லிப் பழகிய சமூகம் நாம். அதைக் கண்டிப்பு என்றும் அக்கறை என்றும் நம்பியே சொன்னோம். மையத்து ஆள் கேட்பதும் அதே அனுமதிதான். நாமும் அதே நம்பிக்கையோடு கொடுக்கிறோம்.

சில இடங்களில் மையத்திலிருந்தே வண்டி வரும். இரவிலோ விடியற்காலையிலோ இரண்டு மூன்று ஆட்கள் வந்து தூக்கத்திலிருக்கும் பிள்ளையை எழுப்பி ஏற்றிக்கொண்டு போவார்கள். அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பார். அவன் எவ்வளவு கத்தினாலும் அம்மா வெளியே வரக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லியிருப்பார்கள். பிறகு பெற்றோருக்கு ஒரு அறிவுரை கிடைக்கும். முதல் மாதம் பார்க்க வராதீர்கள். போனில் அழுவான், கூட்டிக்கொண்டு போங்கள் என்பான், அடிக்கிறார்கள் என்பான். நம்பாதீர்கள். பேசுவது அவனில்லை, அவனுக்குள் இருக்கும் போதை.

இந்த விஷயத்தில் எல்லாத் தீங்குக்கும் வாசல் இந்த அறிவுரைதான் என்று நான் நினைக்கிறேன். அடி, பட்டினி, தனியறை, சங்கிலி எல்லாம் அதன் வழியாகத்தான் உள்ளே வருகின்றன. பிள்ளையின் புகாரே அவனுடைய நோயின் அறிகுறி என்று ஒருமுறை ஒப்புக்கொண்டுவிட்டால், அதன்பின் அவன் சொல்லும் எந்த உண்மையும் உண்மையாக எண்ணப்படாது. நல்ல ஊழியர் இருக்கும் மையத்திலும் இந்த விதி இருக்குமானால், கெட்ட ஊழியர் ஒருவர் வேலைக்குச் சேரும் நாள்வரைதான் அந்த இடம் நல்ல இடம்.

இந்த விதியைத் தனித் தொழிலாகவே வளர்த்தெடுத்த நாடு அமெரிக்கா. 1958இல் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் சார்லஸ் டெட்ரிக் என்பவர் சினனான் என்ற அமைப்பைத் தொடங்கினார். போதைக்கு அடிமையான பெரியவர்களுக்கானது. வட்டமாக உட்கார்ந்து ஒருவரை மணிக்கணக்கில் எல்லோரும் சேர்ந்து திட்டி, அவமானப்படுத்தி, அவர் உடைந்து அழும்வரை விடாமல் இருப்பது அங்கே சிகிச்சை. அந்த முறை சில ஆண்டுகளிலேயே பிள்ளைகளுக்கான நிறுவனங்களுக்குப் பரவியது. 1970இல் ஃபுளோரிடாவில் தொடங்கிய ‘தி சீட்’ என்ற நிறுவனத்தைப் பற்றி 1974இல் செனட் துணைக்குழு அறிக்கை ஒன்று எழுதியது. கொரியப் போரில் பிடிபட்ட அமெரிக்க வீரர்கள் மீது நடந்த மூளைச்சலவையோடு அதன் முறைகளை ஒப்பிட்டது. அத்தோடு முடிந்திருக்க வேண்டும். பெயரும் ஊரும் மாற்றிக்கொண்டு தொழில் தொடர்ந்தது. காட்டு முகாம், மலை முகாம், கடைசியில் ஜமைக்கா வரை போனது. 2007இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் பத்து மரணங்களை விரிவாக ஆராய்ந்தது. உடல் ஓய்ந்துகொண்டிருந்த பிள்ளையை ‘நடிக்கிறான்’ என்று ஊழியர்கள் எண்ணி விட்டுவிட்டது அந்த விவரங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. பெற்றோருக்குச் சொன்ன அறிவுரையைத்தான் ஊழியர்களும் நம்பியிருந்தார்கள்.

அங்கே இருந்தவர்கள் பேச எவ்வளவு காலம் ஆயிற்று என்பதைப் பாருங்கள். கோடீஸ்வரக் குடும்பத்துப் பெண்ணான பாரிஸ் ஹில்டன், யூட்டா மாநில விடுதி ஒன்றில் 1990களின் இறுதியில் தனக்கு நடந்ததை 2020இல்தான் வெளியே சொன்னார். உலகமே அறிந்த ஒருவருக்கு இருபது ஆண்டு பிடித்தது. அவரைப் போன்றவர்கள் விடாமல் நின்றதால்தான் 2024 டிசம்பரில் இந்த விடுதிகளைக் குறித்து ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது. சீனாவில் இணைய அடிமைத்தனத்தைத் தீர்க்கிறோம் என்று லின்யி நகர மருத்துவமனை ஒன்றில் பதின்வயதினருக்கு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். 2009 ஜூலையில் அரசு அதைத் தடை செய்தது. அடுத்த மாதமே குவாங்சி பகுதியில் ஒரு சிறுவன் அத்தகைய முகாமில் சேர்ந்து ஒரு நாள் முடிவதற்குள் அடித்துக் கொல்லப்பட்டான்.

நம் பக்கம் வருவோம். 2001 ஆகஸ்ட் 6 விடியலில் ஏர்வாடியில் ஒரு கீற்றுக்கொட்டகை மனநலக் காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியில் பிணைத்திருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2022 டிசம்பர் கடைசியில், பேட்டரி திருடியதாகப் பிடித்து செங்கல்பட்டு அரசுக் கூர்நோக்கு இல்லத்தில் சேர்க்கப்பட்ட 17 வயதுச் சிறுவன் ஒருவன் மூன்று நாளுக்குள் இறந்துபோனான். பிரேதப் பரிசோதனையில் உடலெங்கும் காயங்கள். இல்லத்து ஊழியர்கள் ஆறு பேர் கைது செய்யப்பட்டார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவைக் கொண்டு அரசு ஒரு நபர் குழு அமைத்து, இல்லங்களின் நிலையைப் பற்றி அறிக்கை பெற்றது. அரசு இல்லமென்றால் நீதித்துறை நடுவர் விசாரணை என்ற ஒன்றாவது இருக்கிறது. பெற்றோரின் கையெழுத்தோடு தனியார் கட்டடத்துக்குள் போன பிள்ளைக்கு அதுவும் கிடையாது.

பிள்ளைகள் சொல்வதைக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. பீகாரில் டாடா சமூக அறிவியல் கழகத்தின் ‘கோஷிஷ்’ குழு 110 இல்லங்களைத் தணிக்கை செய்து 2018இல் அறிக்கை கொடுத்தது. அதற்கு முன்பும் அதிகாரிகள் அங்கே ஆய்வுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள், பதிவேடுகளைப் பார்த்தார்கள். இந்தக் குழு பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசியது. முசாஃபர்பூர் இல்லத்தில் சிறுமிகள் பாலியல் வன்முறைக்கு ஆளானது அப்படித்தான் வெளியே வந்தது. 2020 பிப்ரவரியில் டெல்லி நீதிமன்றம் அந்த இல்லத்தை நடத்தியவருக்கு வாழ்நாள் சிறைத் தண்டனை விதித்தது. அந்தச் சிறுமிகளைச் சந்தித்தவர்கள் செய்தது, அவர்கள் சொன்னதை நம்பியது.

சட்டத்தை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் குடி, போதை சார்ந்த சிகிச்சையையும் உள்ளடக்கியது. 18 வயது நிரம்பாதவரைச் சேர்ப்பது வேறு வழியே இல்லாதபோது மட்டும் என்கிறது அதன் 87ஆம் பிரிவு. இரண்டு மனநல மருத்துவர்கள், அல்லது ஒரு மனநல மருத்துவரோடு இன்னொரு மருத்துவரோ மனநலப் பணியாளரோ, தனித்தனியே பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். பெரியவர்களோடு சேர்த்துத் தங்கவைக்கக் கூடாது. 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமாக, பிள்ளையின் சார்பில் நிற்பவர், பெரும்பாலும் தாயோ தகப்பனோ, அல்லது அவர் அமர்த்தும் ஒருவர், சிகிச்சை முடியும்வரை கூடவே தங்க வேண்டும். சங்கிலி கூடாது, தனிமைச் சிறை கூடாது, கட்டாய மொட்டை கூடாது. பார்க்க வருபவர்களையும் தொலைபேசியையும் மறுக்கக் கூடாது என்று தனியாக எழுதியிருக்கிறார்கள். ‘முதல் மாதம் வராதீர்கள்’ என்பது ஒரு சிகிச்சை முறையல்ல, சட்ட மீறல்.

கூடவே தங்குவது என்பது வெளிநாட்டிலிருந்து நாம் இரவல் வாங்கியதுமல்ல. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கவைத்தார். அதே காலத்தில் வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையம், உறவினர் ஒருவர் உடனிருந்தால்தான் சேர்ப்பது என்ற வழக்கத்தைக் கொண்டுவந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸிலும் குடும்பத்தோடு தங்கும் ஏற்பாடு உண்டு. சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடிநோயைக் குடும்பத்தின் நோயாகவே பார்த்து, குடும்பத்தாருக்கும் சேர்த்துச் சிகிச்சை அளித்தது. நோயாளியின் பக்கத்தில் அவனுடைய மனிதர் ஒருவர் பாய் விரித்துப் படுத்திருப்பது நம் மருத்துவம் கண்டுகொண்ட பெரிய பாதுகாப்பு. ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூரு சில மணி நேரப் பயணம்தான். இவ்வளவு அருகில் இப்படியொரு முன்மாதிரி இருக்கும்போதும், பூட்டிய கதவுக்கு வெளியே பெற்றோரை நிறுத்தும் இடங்கள் பெருகியிருக்கின்றன. பதிவு செய்யாமல் நடத்தினால் முதல்முறை அபராதம் ஐயாயிரத்திலிருந்து ஐம்பதாயிரம் ரூபாய் வரை. யாரையும் அது அச்சுறுத்தாது.

‘எங்கள் பையன் திருந்திவிட்டானே’ என்று கேட்பவர்கள் உண்டு. “வந்ததிலிருந்து ரொம்ப அமைதியாயிட்டான், எதிர்த்து ஒரு வார்த்தை பேசறதில்லை” என்று பெற்றவர்கள் மகிழ்ச்சியாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. பதினாறு வயதுப் பிள்ளை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் இருப்பது எப்படி நல்ல செய்தியாகும்? நன்றி சொல்வதும் சான்றாகாது. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ், சாமர்வில் நகரங்களில் 1939இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் 506 சிறுவர்களை இரு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆலோசனை, முகாம் என்று பல ஆண்டு உதவினார்கள். அங்கே அடியும் இல்லை பூட்டும் இல்லை, நல்லெண்ணம் மட்டுமே. முப்பது ஆண்டு கழித்து ஆய்வாளர் ஜோன் மெக்கார்ட் அவர்களைத் தேடிப் பார்த்தபோது, உதவி பெற்றவர்கள் குடி, நோய், குற்றம் ஆகியவற்றில் மற்றவர்களைவிட மேலாக இல்லை. சிலவற்றில் மோசமாகவே இருந்தார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் அந்தத் திட்டம் தங்களுக்கு உதவியது என்றுதான் சொன்னார்கள். நல்லெண்ணத்தோடு செய்ததற்கே இந்த முடிவு. அச்சத்தை வைத்துச் செய்வதன் முடிவை, யூடியூபில் மையம் போடும் நன்றிக் காணொளியை வைத்து எடைபோட முடியாது.

எனவே சேர்க்கும் முன் பெற்றோர் கேட்க வேண்டியவை சிலவே. மாநில மனநல ஆணையத்தின் பதிவு எண் என்ன? மனநல மருத்துவர் யார், வாரத்தில் எந்த நாள் வருவார்? நான் கூடவே தங்கலாமா? சொல்லாமல் கொள்ளாமல் ஒரு புதன்கிழமை மதியம் வந்தால் உள்ளே விடுவீர்களா? வார்டன் பக்கத்தில் இல்லாமல் என் பிள்ளையோடு பேசலாமா? கடைசி மூன்றில் ஒன்றுக்கு ‘முடியாது’ என்று பதில் வந்தால், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடலாம். ஏற்கெனவே விட்டுவிட்டு வந்தவர்கள் இன்றே போய்ப் பார்க்கலாம்.

அரசுகளிடம் கேட்க ஒன்று உண்டு. 72 மணி நேரத்துக்குள் வாரியத்துக்குத் தகவல் தர வேண்டும் என்பது சட்டம். அப்படியானால் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஒவ்வொரு மறுஆய்வு வாரியத்திடமும் அந்தத் தகவல்கள் இருந்தாக வேண்டும். அவற்றை மாதந்தோறும் வெளியிடட்டும். பெயர்கள் வேண்டாம். எந்த மையத்தில், எத்தனை பிள்ளைகள், எத்தனை நாளாக, கூட யார் தங்கியிருக்கிறார்கள், வாரியத்திலிருந்து யார் நேரில் போய் அந்தப் பிள்ளைகளோடு தனியே பேசினார்கள் என்பது மட்டும் போதும்.