எந்த விதி?

2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை. சுமத்திரா அருகே கடலடித் தரை பிளந்தது. அதனால் எழுந்த பேரலை நாகைக் கரையை எட்ட இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. சிவகாசியிலிருந்து மதுரைக்குப் போய்ச் சேரும் நேரம்! அவ்வளவு நேரமும் கரையிலே பிள்ளைகள் விளையாடினர், வலைகள் உலர்ந்தன. "ஓடுங்கள்" என்றுரைக்க ஒருவருமில்லை. தமிழகத்தில் ஏறத்தாழ எண்ணாயிரம் உயிர்கள் மாண்டன. பெரும்பகுதி நாகை மாவட்டத்தில்.

விதி என்றனர் சிலர். கடலன்னையின் சீற்றம் என்றனர் வேறு சிலர். பசிபிக் கடலில், ஹவாய்த் தீவிலே, 1949இலேயே எச்சரிக்கை நிலையம் அமைந்துவிட்டதே, இந்தியப் பெருங்கடலுக்கு அஃது இல்லாமற் போனதும் விதிதானோ? 2007இல் ஐதராபாத்தில் நிலையம் எழுந்தது. 2012 ஏப்ரல் 11இல் அதே சுமத்திராக் கடலில் பெருநடுக்கம். உடனே எச்சரிக்கை பறந்தது, சென்னைக் கடற்கரையிலிருந்து மக்கள் அகற்றப்பட்டனர். அன்று பேரலை எழவில்லை. எழுந்திருப்பினும் கரையிலே பிள்ளைகள் இருந்திரார்!

அதே 2012இல், செப்டம்பர் 5 அன்று, கடலே காணாத நம் விருதுநகர்ச் சீமையில், சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில், பட்டாசு ஆலை வெடித்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் கருகினர். அவர்களுள் பலர் ஆலைத் தொழிலாளர் அல்லர். புகை கண்டு ஓடிவந்த ஊரார். 2021 பிப்ரவரியில் சாத்தூரை அடுத்த அச்சங்குளம். இங்கும் விதி என்றே பேசினர்.

விதி என்ற சொல்லுக்குத் தமிழிலே இரு பொருளுண்டு. ஓர் அறையில் நால்வருக்கு மேல் கூடாது என்பதும் விதி. மருந்தைக் குவித்து வைக்கலாகாது, கட்டடங்களுக்கிடையே இடைவெளி வேண்டும் என்பவையும் விதிகள். இந்த விதி மீறப்படும்போது வாய் திறவாதவர், பிணம் விழுந்தபின் அந்த விதியை நோகிறார்! உரிமம் ஒருவர் பேரில், உள்குத்தகை இன்னொருவர் கையில்; தீபாவளி நெருங்க நெருங்க, எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் கைகள் விரைகின்றன. அலுமினியத் தூள் கலந்த மருந்துக்கோ ஓர் உராய்வு போதும்.

"ஆலையை இழுத்து மூடினால் எங்கள் அடுப்பு எரியுமா?" என்று தொழிலாளியே கேட்கிறார். நியாயமான கேள்வி, நாம் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. மழை பொய்த்த கரிசலிலே, 1923இல் கல்கத்தாவினின்று இருவர் கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலும் அதன் வழி வந்த பட்டாசுந்தான் சோறு போட்டன. மூடச் சொல்லவில்லை நாம். ஆனால், பசித்தவன் தானே விரும்பி ஆபத்தை ஏற்றான் என்று பழியை அவன் தலையிலே ஏற்றுவது எந்த அறத்தில் சேரும்? மறுத்தால் மறுநாள் வேலையில்லை என்ற நிலையிலே விருப்பம் ஏது?

நாகைக்கு உலகமே ஓடிவந்தது; வீடுகள் எழுந்தன; 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டமே பிறந்தது. (துயர் முகாமிலும் தாழ்த்தப்பட்டோர் ஒதுக்கப்பட்டனர் என்பதை இங்கே மறைக்க மாட்டோம், அலை சாதி பார்க்கவில்லை, மனிதன் பார்த்தான்.) கரிசலுக்கு அந்த ஓட்டம் ஏன் இல்லை? கடலுக்கு முதலாளி இல்லை. அதைக் குற்றஞ்சாட்டினால் எவர் மனமும் நோகாது. ஆலைக்கோ முதலாளி உண்டு, உரிமம் தந்த அலுவலகம் உண்டு, கண்ணை மூடிக்கொண்ட சோதனையாளர் உண்டு. ஆகவே இரங்கற்பாவும் நிவாரணத் தொகையும் விரைந்து வருகின்றன, விசாரணையோ நொண்டுகிறது.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைத் தோழர்கள் நிவாரணத் தொகை கேட்கும் மனுவோடு நின்றுவிட வேண்டாம். ஆலை இயங்கும் நாளிலேயே, அறைக்கு எத்தனை பேர் என்று எழுத்தால் கேட்கட்டும்.